மூன்று நாற்பத்தொன்று

விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி:
“பொறியியலில் உனக்கு ஏன் ஆர்வம்?”
நூற்றைம்பது சொல்லுக்கு மேற்படாமல்.
யதுசா எழுதியிருந்தது ஒரு சொல்:
“தெரியாது.”
பிறகு அதையும் வெட்டியிருந்தாள்.

ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமை,
கொழும்பில், விடுதியில்.
பாலம் கட்டலாம், ரோபோ ஓட்டலாம்,
கடைசி நாள் மேடையில் காட்டலாம்.
நாற்பத்தெட்டாயிரம் ரூபா.
சாப்பாடும் சேர்த்தா என்று
துண்டுப்பிரசுரத்தில் இல்லை.
படத்தில் சிரிக்கிற பிள்ளைகளின்
மஞ்சள் தலைக்கவசங்களில்
ஒரு கீறலும் இல்லை.

ஆளாளுக்கு ஒரு கணக்கு.
இணைந்த கணிதம் படிப்பிக்கிற சேர் சொன்னார்:
“மூண்டு கிழமை விட்டால் தொகையீடு முழுக்கப் போயிடும்.
இசட் புள்ளிக்கு உந்தச் சான்றிதழ் உதவாது.”
ஸ்காபரோவிலிருந்து சின்னம்மா:
“காசை நான் போடுறன், அனுப்பிவிடு.
இஞ்ச உதெல்லாம் பத்து வயசிலயே செய்யினம்.”
தகப்பன், வவுனியாவில் வேலை, தொலைபேசியில்:
“பிள்ளைக்கு என்ன விருப்பம்?”
அதைத்தானே நானும்
பத்து நாளாய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்று
நான் படித்தது இவ்வளவுதான்:
அதே காய்ச்சல், அதே குளிசை,
ஒருத்திக்குக் கேட்கும்,
மற்றவளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும்.
கொடுக்கமுன் கேட்கவேண்டும்.
எதைக் கேட்பது என்றுதான்
துண்டில் எழுதியிருக்காது.

கணிதம் பிடித்துக் கணிதத்துக்குப் போனவளா,
பயோவுக்குப் பயந்து போனவளா?
கரப்பானை வெட்டி விரித்த படத்துக்கே
சத்தி எடுத்தவள்.
மிக்சியைக் கழற்றினாள், உண்மை.
திரும்பப் பூட்டவில்லை.
ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடக்கிறது இன்னும்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா, செலவிலா?

நேற்று அவளே கோல் எடுத்தாள்.
வெங்காயம் உரித்தபடி நான் காது கொடுத்தேன்.
“நாங்கள் செய்யிறது உடைஞ்சால்
ஏன் உடைஞ்சதெண்டு பார்க்க நேரம் தருவியளா?”
அந்தப் பக்கம் யாரோ
வேறு யாரிடமோ கேட்டு வந்திருக்கவேண்டும்.
அவ்வளவு நேரம்.
“கடைசி நாளுக்கு எல்லாம் வேலை செய்யவேணுமாம்,”
என்று வைத்துவிட்டு வந்து
என் வெங்காயத்தில் பாதியை எடுத்தாள்.
பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இன்று முடிவு நாள்.
நான்கு மணிக்குக் கூரியர் கடை பூட்டும்.
ஸ்கூட்டியில் அவள் பின்னால்,
மடியில் உறை,
உறைக்குள் ஆறாவது கேள்வி வெறுமையாய்.
கொக்குவில் ரயில் கடவை
எங்கள் மூக்குக்கு முன்னால் விழுந்தது.

ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், ஆருக்கோ.
மீன் வியாபாரி இறங்கிப்
பெட்டிக்குத் தண்ணீர் தெளிக்கிறார்.
எனக்கு மணி நாலாகிவிடும் என்று அந்தரம்.
அவள் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தாள்,
மணிக்கூட்டைப் பார்த்தாள், எழுதினாள்:
3.41.

கண்ணாடியில் பார்த்த நான் திரும்பிப் பார்த்தேன்.
பக்கம் பக்கமாய் நேரங்கள்.
மாசி பன்னிரண்டிலிருந்து.
கேற் விழுந்தது, ரயில் வந்தது, கேற் எழும்பியது.
டியூசனுக்குப் போகிற வழியில் ஐந்து மாதம்.
மழை நாளுக்கு ஒரு வட்டம்.
அம்புலன்ஸ் நின்ற நாளுக்குச் சிவப்பு.
சிவப்பு இரண்டு.

“இதென்ன?”
“சும்மா. ரயில் போக நாப்பது செக்கன்.
நாங்கள் நிக்கிறது ஆறு நிமிசம்.
மிச்சம் எங்க போகுதெண்டு பார்க்கிறன்.”
“இதை ஏன் அதில எழுதேல்லை?”
“அவை கேட்டது ஆர்வமெல்லோ.
இது எரிச்சல்.”

இஞ்சினை நிறுத்தினேன்.
உறை அவள் மடியில்.
பேனாவும் அவள் கையில்தான்.
தண்டவாளத்துக்கு மேலே வெயில் நெளிந்தது.
“போவமா பிள்ளை, திரும்புவமா?”

“பொறுங்கோ அம்மா,” என்றாள்,
மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்,
“இன்னும் ரயிலே வரேல்லை.”