நான்கு டாலர் சுருள்வில்

எல்லோரும் குழலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்,
வால்நட் கட்டையின் ரேகையைப் பற்றி,
தொலைநோக்கியைப் பற்றி.
நான் கேட்டது
ஊசியைத் தள்ளும் சுருள்வில் ஒன்று,
முளையாணி இரண்டு,
தலை மழுங்காத திருகு நான்கு.

ஜெரல்டீன் மிகலிச்
நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.
பியூட் நகரில் அவள் கடையில்தான்
சின்னச் சாமான்களுக்கென்று தனி மேசை,
உருண்டு ஓடிவிடாதிருக்க
மேசைமேல் பச்சைக் கம்பளி.

"இது நான்கு டாலர். இது பதினேழு."
பார்வைக்கு இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
"அழுத்திப் பார்."

நான்கு டாலர் உடனே சம்மதித்தது.
பதினேழு, என் கட்டைவிரலோடு கொஞ்சம் வாதாடியது,
விட்டதும் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது,
குறுக்கு விசாரணையிலும் சொல் மாறாத சாட்சி போல.

முளையாணிகளைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினாள்.
ஒன்று நேராகப் போனது.
ஒன்று நொண்டியது, கண்ணுக்குத் தெரியாத கோணல்.
திருகின் பள்ளத்தில் நகத்தை ஓட்டச் சொன்னாள்.
பிசிறு இருந்தால் நகம் சொல்லும்,
விலைச்சீட்டு சொல்லாது.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
பிரேக்கில் சுண்டுவிரல் அளவு ஊக்கு ஒன்று கழன்றதற்கு
வைஸ்டம் சாலையோரப் பனியில்
முப்பத்தொரு பிள்ளைகளை நாற்பது நிமிடம்
பாட வைத்திருக்கிறேன்,
அழாமலிருக்க.
அச்சாணியின் அருமையை
யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

ஆனாலும் போன நவம்பரை
ஜெரல்டீனிடம் சொல்லவில்லை.

டுவேன் விட்டுப்போன காப்பித் தகரத்தில்
கிடந்ததையெல்லாம் பூட்டித்தான் அந்த ரைஃபிள்.
பிக் ஹோல் பள்ளத்தாக்கு, விடிகிற நேரம்,
மூக்குமயிர் உறையும் குளிர்.
எண்பது கஜத்தில் ஒரு பெண் எல்க்.
வீட்டில் குளிர்ப்பெட்டி
ஐஸ்கட்டி மட்டுமே வைத்திருந்த மாதம்.

விசையை இழுத்தேன்.
சொடக்.
அவ்வளவுதான்.

தோட்டா தாமதமாக வெடிக்கலாம்,
துப்பாக்கியைத் திருப்பாமல் முப்பது எண்ண வேண்டும்.
எண்ணினேன்.
ஏழில் அது தலையைத் தூக்கியது.
பதினொன்றில் என்னைப் பார்த்தது.
இடது காது கிழிந்து ஆறியிருந்தது,
இமைமேல் பனித்தூள்.
பத்தொன்பதில் மறுபடி மென்றது.
அந்த வருடம் முழுவதிலும்
யாருக்கும் என்னிடம் எதுவும் தேவைப்படாத
முப்பது எண்ணிக்கை அதுதான்.
பிறகு அது திரும்பி நடந்தது.
அவசரமே இல்லை.

வெளியே எடுத்த தோட்டாவின் பின்புறம்
எறும்பு கடித்த அளவு ஒரு தடம்.

அந்தக் குளிர்காலம் உருளைக்கிழங்கு தின்றோம்.
பிப்ரவரியில் மாட்டிறைச்சி, கடனுக்கு.
மகன் கேட்டான், "குறி தப்பிவிட்டதா?"
ஆமாம் என்றேன்.
பொய்தான்,
ஆனால் உண்மையைச் சொல்லும் வார்த்தை
எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"எதை எடுக்கிறாய்?" என்றாள் ஜெரல்டீன்.
வெளியே என் பேருந்து,
மூன்று மணி மணியடிக்க இருபது நிமிடம்.

பதினேழை எடுத்தேன்.
நேராக உருண்ட முளையாணியை எடுத்தேன்,
அதன் ஜோடியைத் தேட
இன்னும் ஒன்பதை உருட்ட வேண்டியிருந்தது.
பசிக்கு நான்கு டாலர் மன்னிப்புக் கிடையாது.

சின்னக் காகித உறையில் போட்டு
நாக்கால் ஒட்டினாள்.
"இனி இது உன்னைக் கைவிடாது."

நல்ல செய்திபோலத்தான் சொன்னாள்.
உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மலைச்சாலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினேன்.
உறைக்கு எடையே இல்லை.

இந்த முறை
முப்பது எண்ணுவதானால்
விசையை இழுக்கும் முன்
நானேதான் எண்ண வேண்டும்.