மூன்றாம் குடுவை

திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் கனகேந்திரன் கடை,
காலை ஐந்தே கால்.
ஒரு கரண்டி புளித்த மா, மூடி போட்ட குப்பியில்.
"ஆருக்கும் சொல்லிப்போடாதையும் பிள்ளை,
பி.எச்.ஐ. வந்து கடையைப் பூட்டிப்போடுவான்."
கிருமி என்றால் அவருக்குப் பயம்,
எனக்குச் சம்பளம்.

தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள்.
ஓரத்தில் ஒன்று மட்டும்
கறுத்தக்கொழும்பானை வெட்டினால்
கொட்டையைச் சுற்றி நிற்குமே, அந்த மஞ்சள்.
க-17 என்று பெயர் எழுதி ஒட்டினோம்.
க என்றால் கனகேந்திரன். அவருக்குத் தெரியாது.

முதற் குடுவையில் நைதரசன், இறப்பர் மூடி, இறுக்கம்.
இரண்டாவது மேசையில் சும்மா.
மூன்றாவது ஆட்டும் பொறியில்,
பஞ்சடைப்புக்குள்ளால் காற்று, நிமிடத்துக்கு இருநூறு சுற்று.

காற்றே வேண்டாத உயிர்கள் இவை.
சீனியைத் தின்று, புளிப்பைத் துப்பி,
மூச்சில்லாமல் பிழைக்கத் தெரிந்தவை.
ஒட்சிசன் உள்ளே போனால் அரிக்கும்:
பண்ணைப் பாலத்தில் போய்வருகிற என் சைக்கிளின்
சங்கிலியைத் தின்கிறதே, அதே பல்.

இரவு பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் குளிர் அறைக்கு மட்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது.
"விடுங்கோ அக்கா, நாளைக்குத் திரும்பப் போடுவம்"
என்றாள் அபிசனா.
எனக்கு விட மனமில்லை.
போன் வெளிச்சத்தில் குடுவையை எடுத்துக் கையால் ஆட்டினேன்.
இருநூறு எங்கே, நாற்பது சுற்றுக்கே தோள் விட்டுப்போனது.
அவள் மாறி ஆட்டினாள்.
ஸ்கார்பரோவிலிருந்து வந்த சம்பந்தம் ஒன்றைப் பற்றிக் கதைத்தாள்,
மாப்பிள்ளைக்கு நுளம்புக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாதாம்.
சிரித்ததில் பஞ்சு நனைந்துவிட்டது.
மூன்று பத்துக்குக் கரண்ட் வந்தது.
"கையால் ஆட்டப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
பேராசிரியர் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

சுழற்றி அடியில் படிய வைத்தோம்.
முதலாவது தேங்காய்ப்பூ வெள்ளை.
இரண்டாவது பழைய காகிதம்.
மூன்றாவதைப் பார்த்து
அபிசனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ஐதரசன் பெரொட்சைட்டு, அரை மணித்தியாலம்.
முதற் குடுவைக்குத் தட்டில் பதினொரு புள்ளி.
மூன்றாவதுக்கு நானூற்று முப்பத்தாறு,
எண்ணும்போது பேனை வற்றிப்போனது.
அமிலத்திலும் பித்த உப்பிலும்கூட
மஞ்சள்தான் கூட நின்றது.

ஆய்வரங்கில் ஒருவர் எழும்பிச் சொன்னார்:
"அடிபட்டதுதான் நிலைக்கும், எங்கட சனம் மாதிரி."
கைதட்டினார்கள். மேடைக்கு நல்ல வசனம்.
என்னிடம் இன்னொரு தட்டு இருந்தது, காட்ட நேரம் தரவில்லை.
மஞ்சள் செய்கிற மரபணுவை அறுத்துவிட்ட
அதே க-17, அதே பொறி, அதே இருநூறு சுற்று.
அதற்கும் அடி விழுந்தது, ஒரு சுற்றும் குறையாமல்.
வெள்ளையாகவே வளர்ந்தது.
பெரொட்சைட்டுக்குப் பிறகு அந்தத் தட்டில்
வெறும் அகர். என் முகம் அதில் தெரிந்தது.

அடி ஒன்றும் தருவதில்லை.
வாங்கும்போது கையில் ஏதும் இருந்ததா என்பதுதான்.
இருந்ததற்கு யார் காரணம் என்று க-17ஐக் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை கனகேந்திரனிடம் போய்ச் சொன்னேன்,
உங்கட மாவுக்குள்ள மஞ்சளாகிற ஒன்று இருக்கு,
காத்துப் பட்டால்.
கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி யோசித்தார்.
"அப்ப தோசை மஞ்சளாகுமோ?"
இல்லை அண்ணை, உங்கட வாளிக்கு மூடி இருக்கே.
மூடியைத் திறந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.
ஒரு குமிழி வெடித்தது.
"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மூடிவிட்டு
எனக்கு இரண்டு தோசை வார்த்தார்.
காசு வாங்கவில்லை.