நானூற்று எண்பத்தொன்றாம் பக்கம்

என் பங்கு நானூற்று எண்பத்தொன்றில் தொடங்கியது.
அதில் தூவிக்கு இடது கை இல்லை.

எப்படிப் போனது என்று
அங்கே யாரும் பேசிக்கொள்ளவில்லை.
ஒற்றைக் கையால் கடிவாளம் பிடித்து
உப்புப் பாலத்தைக் கடக்கிறாள்.
இறங்கியதும் அதிரன் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறான்.
நாலு புத்தகமாய்ச் சண்டை போட்டவர்கள்.

இது ஐந்தாவது, இதுதான் கடைசி.
எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அறுநூற்றைம்பது ரூபாய்.
விடுதி அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட்.
முறைவைத்துப் படித்தால் பொங்கல் தாண்டிவிடும்,
அதற்குள் எவளாவது முடிவை உளறிவிடுவாள்.
கோகிலவாணிதான் காய்கறிக் கத்தியை எடுத்தாள்.
முதுகுப் பசை கிழிந்தபோது
நாகவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
கோழிக்கடையில் திருப்பிக்கொள்வாளே, அப்படி.

சீட்டுக் குலுக்கினோம்.
முதல் பங்கு கோகிலவாணிக்கு.
நடுப் பங்கு முனிலட்சுமிக்கு.
முடிவு எனக்கு.

முடிவை முதலில் படிப்பது
படம் விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தை
அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்று பார்ப்பது மாதிரி.

அதிரன் அறுநூற்றுத் தொண்ணூறில் சாகிறான்.
நைட் ஷிப்ட் முடிந்து, ஓசூர்ப் பனியில்,
கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் படித்தேன்.
அறைக்கு வந்தால் கோகிலவாணி
நூற்றுப் பத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
"கட்டினா இந்த அதிரனைத்தான்டி கட்டணும்."
ஆமாம் என்றேன்.
குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தேன்,
ரொம்ப நேரம்.

தூவி தன் நிழலை விற்றது முதல் புத்தகத்தில்,
ஒரு மூட்டை தானியத்துக்கு.
என்ன தானியம் என்று அதில் இல்லை.
நாங்கள் கேழ்வரகு என்றே படித்தோம்.

எங்கள் லைனில் நாலு பக்கமும் வெள்ளை விளக்கு.
தொப்பி, கையுறை, நீலக் கோட்டு.
குனிந்தால் தரையில்
யாருக்கும் எதுவும் விழுந்திருக்காது.
முதலில் கவனித்தது நாகவேணி.
தளிக்காரி, கன்னடத்தில் படித்தவள்,
இந்தக் கதைக்காகவே தமிழ் எழுத்துக் கூட்டியவள்.
"நாமளும் வித்தாச்சா?" என்றாள்.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை
முனிலட்சுமியை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனான்.
பத்து நிமிஷம்.
சார்ஜரை விட்டுவிட்டாள், சோப்புப் பெட்டியை விட்டுவிட்டாள்.
இருநூற்று நாற்பத்தொன்று முதல் நானூற்று எண்பதுவரை
பையோடு போயிற்று.

கையை ஏழாம் அரசி வெட்டியிருப்பாள் என்றாள் கோகிலவாணி.
ஓநாய் என்றாள் நாகவேணி.
இன்னொருத்தி, தூவியே கொடுத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு
போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.
முடிவைப் படிக்கக் கேட்டார்கள்.
நடு வரட்டும் என்றேன்.

எழுநூற்றுப் பன்னிரண்டில் நிழல் திரும்பி வருகிறது.
சாயங்கால வெயில், பாறைமேல் நீளமாய்.
அதில் இடது கை இருக்கிறது.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் ஓர் இரவு போன்.
அஞ்செட்டிக்கு மேலே
டவர் கிடைக்கிற பாறையில் நின்று பேசினாள்.
"ரோட்ல யானை நிக்குதாம். கடைசி பஸ் வர்ல.
இவரு தேன்கனிக்கோட்டையிலயே மாட்டிக்கிட்டாரு.
அதான் பேசறேன்."

அவருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கலாம்.
சாப்பிட்டாயா என்றாவது.

"கை எப்படிப் போச்சு?"
"அதிரன் இருக்கானா?"
ரெண்டும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன.

காற்று இரைந்தது.
"நீ சொல்லு."
"நீ மொதல்ல."
நான் சொல்லவில்லை. அவளும்.

"மாவு டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன்.
யாருக்கும் தெரியாது. வரும்போது எடுத்தாரேன்."

"எப்ப வருவ?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது.
"யானை போவட்டும்" என்றாள்.