ஆறு நிமிடம்

வெல்லாவெளி பிரதேச செயலகத்தில்
வரவுக்குப் பொறுப்பானவள் நான்.
முன்பு சிவப்புப் பேனாவும் அடிமட்டமும் தந்திருந்தார்கள்.
ஒன்பது மணிக்கு இடாப்பில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கிறவர்
என் முகத்தைப் பாராமலே வைத்துவிட்டுப் போவார்.

இப்போது கோடு கிழிப்பது இயந்திரம்.
விரலை வைத்தால் "தேங்க் யூ" என்கிறது.
பிந்தி வந்தவருக்கும் அதே குரல், அதே நன்றி.
மாத முடிவில்தான் தெரியவரும்
எந்த நன்றி அரைநாள் லீவு என்பது.

மாசிப் பட்டியலை எடுக்கிறேன்.
சுகிர்தமலர், 9.03.
சுகிர்தமலர், 9.04.
சுகிர்தமலர், 9.02.
இப்படிப் பதினொரு நாள்.

குருமண்வெளியில் ஸ்கூட்டியோடு பாதை ஏறி
மண்டூரில் இறங்கி வருகிறவள்.
எங்கள் பக்கம் பாதை என்றால்
ஆற்றைக் கடக்கிற இரும்பு மிதவை.
நாம் நிற்க, நம்மைத் தூக்கிக்கொண்டு அது நடக்கும்.
"அந்தச் சீனித்தம்பி அண்ணன்
மீன்பெட்டிக்காரன் வரும்வரைக்கும் கயிறு அவிழ்க்கமாட்டார் கா.
இண்டைக்கும் நல்லா ஏசிப்போட்டுத்தான் வந்தன்"
என்பாள், மூச்சு வாங்க.

பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது.
கணினியின் மூலையில் 3.12.
நிமிர்ந்து பார்த்தால் சுவர் இயந்திரத்தில் 3.18.

தை மழையில் மின்சாரம் போய் வந்த அன்று
யாரோ கதிரையில் ஏறி நேரம் வைத்தார்கள்.
அந்த யாரோவின் கைக்கடிகாரத்தில்
ஒரு மாதமாக இயங்கியிருக்கிறது அரசாங்கம்.
சுகிர்தமலரும் தன் கடிகாரத்தை
இயந்திரத்துக்கு ஒத்துத்தான் வைத்திருந்தாள்.
ஏன், நானுந்தான்.
போன் சோற்றுப்பெட்டிக்கு அடியில் கிடந்தது,
சரியான நேரத்தோடு.

நிருவாக உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"காலையைத் திருத்தினால்
மாலையையும் திருத்த வேணும், பிள்ளை.
நாலேகாலுக்கு விரல் வைத்தவன் எல்லாம்
நாலு ஒன்பதுக்கே போயிருக்கிறான்.
அறுபத்திரண்டு பேர். பத்தொன்பது வேலை நாள்."
கொஞ்சம் பொறுத்து, "நானும்" என்றார்.

பிழை இரண்டு பக்கமும் சமன் என்பதால்
பிழை இல்லை என்று தீர்ந்தது.
கோவையில் குறிப்பு வேண்டாம்.
வெள்ளி பின்னேரம், எல்லாரும் போன பிறகு
நீங்களே சரியாக்கிவிடுங்க.

வெள்ளி. அதே கதிரை.
இயந்திரத்தில் நாலு இருபத்தொன்று.
பொத்தானை அழுத்தி அழுத்தி
நாலேகாலுக்கு இறக்கினேன்.
சற்றுமுன் முடிந்த ஆறு நிமிடம்
மறுபடி தொடங்கியது,
எவருடைய லீவிலும் கழியாமல்,
எவருடைய சம்பளத்திலும் சேராமல்.

எல்லாரும் போகவில்லை.
முதியோர் கொடுப்பனவுப் படிவங்களுக்கு நடுவில்
சுகிர்தமலர் இருந்தாள்.
பிந்திய நாளெல்லாம் தங்கி வேலை முடிக்கிறவள்.
அப்படித் தங்குவதற்கு எங்கள் படிவத்தில்
கட்டம் கிடையாது.

அவள் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.
சொல்லக்கூடாததைச் சொல்ல
ஆறு நிமிடம் தாராளம்.
பதினொரு அரைநாளும் திரும்பாது என்பதையும் சொன்னேன்.
மகனின் கண் கிளினிக்குக்கு என்று
அவள் எண்ணி எண்ணி வைத்திருந்த லீவு.
அழுவாள் என்று நினைத்தேன்.
இல்லையென்றால், கச்சேரிக்கு எழுதிப்போடுகிறேன் என்பாள்.
அதற்கான பதில்கூட என் வாயில் தயாராயிருந்தது.

அவள் பேனாவை மூடினாள்.

"அப்ப பாதை பிந்தல்லையா கா?"

இல்லை.

"மீன்பெட்டியையும் ஏத்திக்கொண்டு
நேரத்துக்குத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்ன?
ஒரு மாசமா
அந்த மனிசனை நான் பேசாத பேச்சில்லை.
ஒரு நாளும் திருப்பிச் சொல்லல்ல."

படிவங்களை அப்படியே விட்டுவிட்டுப்
பையை எடுத்தாள்.
விரல் வைக்காமலே படியிறங்கிப் போனாள்.
நான் கூப்பிடவில்லை.
மண்டூர் றோட்டில் ஸ்கூட்டியின் சத்தம்
வயலோடு வயலாகப் போய் அடங்கியது.

இரண்டாம் முறையாக நாலு இருபத்தொன்று.
அவள் பெயருக்கு நேரே
வெளியேறிய நேரம்: வெறுமை.
திங்கட்கிழமை வரைக்கும்
அது என் பொறுப்பு.