கேலனுக்கு எத்தனை மைல்

வெர்மாண்டில் ஒன்பது மாதம் குளிர்,
மிச்சம் மூன்று மாதம் துரு.

காருக்கு அடியில் மல்லாந்து
திருப்புளியால் ஒரு குத்து விட்டான் ரெமி.
தரைத்தகட்டைத் துளைத்து
என் பிரேக் மிதிக்குப் பக்கத்தில்
எட்டிப் பார்த்தது முனை.
“ஒடீல், இதற்கு ஸ்டிக்கர் ஒட்டமுடியாது.”

மூன்றே சிலிண்டர். ஏர்பேக் கிடையாது.
டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு,
டாங்க் நிரப்பும்போதெல்லாம் பென்சிலில் எழுதியது:
நாற்பத்தெட்டு. எதிர்க்காற்றில் நாற்பத்தாறு.
ஒரு பக்கத்தில் காப்பிக் கறை,
ஒரு பக்கத்தில் விவாகரத்து வக்கீலின் எண்.
நீட்டினேன்.
“படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை” என்றான்.

எவ்வளவு குடித்தாய் என்று
யாரும் கேட்பதில்லை;
வாயை ஊது என்கிறார்கள்.
இரண்டு டன் பூதம் ஒன்று
ஏலக்காய் மென்றபடி தாண்டிப்போகிறது.

ரெமி பக்கமும் நியாயம் உண்டு.
போன பிப்ரவரி, பாலத்தடியில்,
இதே மாடல் வண்டியை வெட்டித்தான்
பெல்வில் வீட்டுப் பையனை எடுத்தார்கள்.
இப்போது இடதுகையால் எழுதப் பழகுகிறான்.

ஹைப்ரிட் வாங்கினேன். அறுபது மாதத் தவணை.
முதல் சிக்னலில் சத்தம் நின்றதும்
செத்துவிட்டதென்று இறங்கிவிட்டேன்.
பின்னால் ஒரே ஹாரன்.

திரையில் தானே எழுதிக்கொள்கிறது:
ஐம்பத்திரண்டு.
நம்பாமல் டாங்க் நிரப்பி
அதே நோட்டில் வகுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தேழு.

ஐந்து மைல் பொய்.
அன்றைக்குத்தான்
இதற்கும் ஒரு பெயர் வைக்கலாம்
என்று தோன்றியது.