பாகாவில் காடிக்குக் காப்புறுதி

டயர்க்கடைக்கும் நம்பர்க்கடைக்கும் இடுக்கில்
ஓர் ஆள் அகலத்தில் அலுவலகம்.
விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு
"காடி யாரு பேருல?" என்றார் குணவதி.

எங்கள் பக்கம் காடி என்றால் புளித்த கஞ்சி.
இங்கே கார்.
என்னுடையதோ கஞ்சில்.
மூன்று கை மாறி வந்த வெள்ளைக் கஞ்சில்,
சருகுமான் என்று பொருளாம்,
மேட்டில் ஏறும்போது அது நினைவிருப்பதில்லை அதற்கு.

கடவுச்சீட்டைப் புரட்டினார்.
"இதுல உங்க பேரு எது, அப்பா பேரு எது?
நடுவுல ஏ/எல் காணோமே."
இளம்பரிதிக்கும் வீரபத்திரனுக்கும் நடுவே
ஓர் இடைவெளிதான் இருந்தது.
கணினி அதை ஏற்க மறுத்தது.
மூன்றாம் முறை சேர்த்தடித்தார்,
ஒரே ஆளாகிப் போனோம்.

"எத்தன வருசமா ஓட்டுறீங்க?"
"பதினாலு."
தட்டினார்.
"இங்க?"
"நாலு மாசம்."
ஒன்றையும் நான்கையும் அழித்து
சுழியம் போட்டார்.
"ஊருல ஓட்டுனது இங்க செல்லாது லா.
கழிவு கெடையாது. மொதல்லேர்ந்து வரணும்."

கொல்லிமலையின் எழுபது வளைவுகள்,
செட்டிகுளத்து வெங்காய மூட்டைகள்,
நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்த பக்கத்து வீட்டுப் பெண்,
எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கின.
முன்கண்ணாடியில் சிவப்புச் சதுரத்தில் 'பி',
பதினெட்டு வயதுப் பையன்களோடு எனக்கும்.

விடவில்லை நான்.
பெரம்பலூர்க் கிளையில் வாங்கி
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கூரியரில் வரவழைத்த கடிதம்:
இவர் பெயரில் இழப்பீட்டுக் கோரிக்கை எதுவும் இல்லை.
முன்னும் பின்னும் பார்த்தார்.
"முத்திர அழகா இருக்கு" என்று திருப்பித் தந்தார்.

பிறகு, திரையைப் பார்த்தபடியே,
"விபத்து ஏதாச்சும்?"

பாடாலூர் தாண்டி, ஐப்பசித் தூறல்.
டிவிஎஸ் நிறையப் பிளாஸ்டிக் குடம் கட்டி வந்தவர்.
நீலக் குடமொன்று மட்டும்
உருண்டுகொண்டே இருந்தது, நிற்கவில்லை.
ஸ்டேஷனுக்குப் போகவில்லை.
மூவாயிரம் அவர் சட்டைப்பையில்,
ஆயிரம் மச்சானுக்கு.
வலது கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டதாக
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.
அவரும் கோரவில்லை. நானும் கோரவில்லை.
அதனால்தான் கடிதம் அவ்வளவு சுத்தம்.

"இங்க நடந்தத மட்டும்தானே கேக்குறீங்க?"
"ஆமா லா."
"இங்க இல்ல."

வெள்ளத்துக்குத் தனி, கண்ணாடிக்குத் தனி.
"கண்ணாடிக்குப் போட்டுருங்க,
செம்பனை லோரிக்காரன் குலையை உதுத்துக்கிட்டே போவான்."
போட்டேன்.
ஐந்நூற்று நாற்பத்தாறு வெள்ளி எண்பது காசு.

தாளில் ஒரு வரி: மூன்றாம் நபர்.
"முதல் ஆள் நான், ரெண்டாவது கம்பெனி.
மூணாவது யாரு?"
"நீங்க மோதுற ஆளு" என்றார்,
ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டு.
"அவருக்கு எவ்ளோ?"
"ஒடம்புக்குன்னா வரம்பே இல்ல."

கிளிக்கென்று பின் விழுந்தது.

மில் சங்கு ஊத இன்னும் இருபது நிமிடம்.
எஸ்டேட் சாலையில் முன்னால் ஒரு கப்சாய்,
பின்னிருக்கையில் புல்வெட்டும் மெஷினைக் குறுக்கே கட்டிக்கொண்டு
இந்தோனேசியத் தொழிலாளி போலிருந்த ஒருவர்.
சாலை காலி. எதிரில் யாரும் இல்லை.
முந்தலாம்.
மழை பிடித்துக்கொண்டது.
அவர் சட்டை முதுகில் ஒட்டுவது தெரியும் தூரத்தில்
இரண்டாம் கியரிலேயே போனேன்.
பின்னால் லோரி ஹாரன்.
அடிக்கட்டும்.