கரடி விடுகிறாள்

இரவெல்லாம் பார்சல் பிரித்துவிட்டு
ஏழரைக்கு வீடு திரும்புகிறேன்.
மோக்போ துறைமுகக் காற்றும் அட்டைப்பெட்டித் தூசியும்
நகக்கண்ணில் அப்படியே இருக்கும்.
சொன்-கியோங் பல் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரம்.
ஒரு காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டே சொல்வாள்:
"பன்னிரண்டாம் பக்கம்.
இன்றைக்காவது."

பன்னிரண்டாம் பக்கத்தில்
பதினைந்து நாளாக நிற்கிறோம்.
கீழ்வீட்டு தோ-கியோம் நாலு வயதிலேயே
தன் பெயரையும் தன் அப்பா கார் நம்பரையும்
எழுதிவிடுகிறானாம். லிப்டில் சொன்னார்கள்.
லிப்டில் வேறு என்னதான் பேசுவது.

ஹேசோலுக்கு நாலரை முடிந்துவிட்டது.
போன மாதம் காந்த எழுத்துகளில் ஒன்று தொலைந்தபோது
அவள் அழவில்லை, தேடவில்லை.
இன்னொன்றை எடுத்துத் திருப்பி
பிரிட்ஜில் ஒட்டிவிட்டு
"இதுதான் அது" என்றாள்.
உண்மைதான். எங்கள் எழுத்தில் அது நடக்கும்,
புரட்டினால் ஒன்று இன்னொன்றாகும்.
நான் அன்றைக்கே விழித்துக்கொண்டிருக்கலாம்.
தூக்கக் கலக்கத்தில் "கெட்டிக்காரி" என்றதோடு சரி.

இன்று காலை
குட்டை மேசைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மஞ்சள் முக்காலியில் அவள்,
கடற்பாசியில் சுற்றிய சோறு ஒரு கன்னத்தில்.
பயிற்சிப் புத்தகத்தை மூடிவிட்டு
டெலிவரிச் சீட்டின் முதுகில் பெரிதாக எழுதினேன்.
மேலே ஒரு பெட்டி,
கீழே படுத்த கோடு, கோட்டிலிருந்து தொங்கும் ஒற்றைக் கால்,
அடியில் மடித்த முழங்கை.
முன். கதவு.
தினம் நூறு தடவை திறக்கிறாள், தெரியாதா என்ன.

"என்ன எழுதியிருக்கு?"
"கொம்."

கரடி.

"நல்லாப் பாரு."
நன்றாகத்தான் பார்த்தாள். சோற்றை விழுங்கிக்கூட விட்டாள்.
"கொம்."
"ஊகிக்காதே, படி."
"கொம்! என் பற்பசையில இருக்குமே, அந்தக் கொம்!"

கரடி விடுகிறாள் என்று நினைத்தேன்.
படிக்கத் தெரியாத பிள்ளை
படம் பார்த்ததைச் சொல்லி ஒப்பேற்றுகிறது என்று.
கதவைக் காட்டினேன். தட்டிக் காட்டினேன்.
திறந்து, மூடி,
மறுபடி திறந்து, கொஞ்சம் ஓங்கியே மூடி
"இது கரடியா?" என்று கேட்டேன்.
அந்தக் குரலை எங்கேயிருந்து எடுத்தேனோ.
ஷிப்ட் மேற்பார்வையாளர்
எங்களிடம் பேசுகிற குரல் அது.

அவள் மேசைக்கடியில் போய்விட்டாள்.
ஒரு சாக்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

சிந்திய சோற்றைத் துடைக்கப் போனவன்
முழங்கால் வலிக்க
அவள் முக்காலியில் உட்கார்ந்தேன்.
காதுவரை வந்தன என் முழங்கால்கள்.
சீட்டு அங்கேயே கிடந்தது.
நான் எழுதியது. என் கையெழுத்து.
முழங்கை கூரையாகிவிட்டிருந்தது.
தொங்கிய கால் நிமிர்ந்திருந்தது.
பெட்டி அடியில் போய் கனமாக உட்கார்ந்திருந்தது.

கொம்.

முப்பத்தாறு வருடமாக வாசிக்கிறேன் இந்த மொழியை.
கதவைத் தலைகீழாகப் பிடித்தால் கரடி
என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

குனிந்து சாக்ஸிடம் சொன்னேன்:
"கரடிதான்."
பதிலுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
"இப்ப அது தூங்குது."

பிறகு அவளே வெளியே வந்து
டேப் கேட்டாள், நிறைய டேப்,
சீட்டைத் தன் பக்கம் மேலாக
குளியலறைக் கதவில் ஒட்டினாள்.
நான் படுக்கப் போனேன்.

சாயங்காலம் சொன்-கியோங் வந்ததும் கேட்டாள்:
"பன்னிரண்டாம் பக்கம்?"
"கரடி வந்துடுச்சு."
"காலையில பிள்ளை விட்டா பத்தாதுன்னு நீயுமா
கரடி விடற?" — அதற்குள் ஹேசோல் எல்லாம் சொல்லியிருந்தாள் போல.
கைப்பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

உள்ளே நுழையுமுன்
இரண்டு தடவை தட்டினாள்.